கைக்கெட்டாத சுவிட்ச்

பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருக்கும் ஜெபகனிக்கு, எதையும் பழுதாகும்வரை விட்டுவைக்கப் பிடிக்காது. மாதம் ஒரு சனிக்கிழமை வாஷிங் மெஷினைக் கழுவுவாள். போர்வெல் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்திருக்கும். கதவு ரப்பரின் மடிப்பில் அழுக்கு கறுத்திருக்கும். கோர்ட்டில் கிளார்க்காக இருக்கும் கணவர் எபனேசர், அவளுக்கு அது இன்னொரு பிள்ளை என்று கேலி செய்வார்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கீழே இருக்கும் ஃபில்டரைக் கழற்றினாள். தேங்கியிருந்த தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. ஃபில்டரைத் தேய்த்து மாட்டி, உப்பு நீக்கும் பவுடரைப் போட்டு, பிளக்கை மறுபடி செருகிச் சுடுதண்ணீரில் ஓடவிட்டாள். தரையைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது எபனேசர் மெஷினைக் கட்டிப்பிடித்ததுபோல் நின்றார். ஓடிய ஆட்டத்தில் முன்னால் நகர்ந்துவிட்ட மெஷினை உள்ளே தள்ளப் போயிருக்கிறார். வெறுங்கால். கூப்பிட்டும் திரும்பவில்லை. உதடு மேலேறிப் பல் தெரிந்தது. முழங்கை வெடவெடத்தது.

அவர் தோளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டியவள், ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினாள். சுவிட்ச் அவருக்குப் பின்னால் சுவரில் இருந்தது. அவரைத் தொடாமல் அதை எட்ட முடியாது. முன்னறைக்கு ஓடி மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினாள். வீடு அடங்கியது. பின்னால் தொப்பென்று விழுந்த சத்தம்.

ஓடிப்போய் அவர் நெஞ்சில் காதை வைத்தாள். தன் மூச்சிரைப்பில் எதுவும் கேட்கவில்லை. பிறகு அவரே இருமினார். பக்கத்து வீட்டு அலி அஸ்கர் காரை எடுத்தார்.

இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எபனேசர் கேட்டார். "நீ என்னைத் தொட்டியா, ஜெபா?"

"இல்ல. தொட வந்தேன். வந்த கைய நானே இழுத்துக்கிட்டேன்."

அவர் வெகுநேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் மணிராஜ் மெஷினைச் சாய்த்துக் காட்டினார். எலி கடித்த வயரின் செம்பு, மெஷினின் வெளித் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவருக்குள் போன எர்த் வயர் எதிலும் சேரவில்லை. ஜெபகனி புதிதாக எர்த் குழி தோண்டச் செய்தாள். மின்சாரம் கசிந்தால் தானாக அணையும் டிரிப் சுவிட்சும், அடியில் எலி புகாத வலையும் போடவைத்தாள்.

அடுத்த மாதம் அவள் மெஷினைக் கழுவ உட்கார்ந்தபோது எபனேசர் வாசலிலேயே நின்றார்.

"வித்துருவோம்."

"அப்போ ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் விக்கணும். பிளக்கைப் பிடுங்கியாச்சு. பயமாருந்தா அங்கனயே நில்லுங்க."

சற்று நேரம் கழித்து அவர் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். குத்தவைத்து உட்கார்ந்து, ஃபில்டருக்குக் கீழே தட்டைப் பிடித்தார்.

"பையப் பையத் திற," என்றார்.