தண்ணீர் ஊற்றக் கூடாத தொட்டி

திண்டிவனத்தில் நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்களுக்கு அறிவியல் எடுத்த சார் தினமும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவார். கை ஓங்காதவர். அதனாலேயே மற்ற வாத்தியார்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், நாங்களோ அவர்மேல் உயிரையே வைத்திருந்தோம். ஒருநாள் அவர், "இன்ஸ்பெக்டர் வர்றாரு. பாடம் நல்லாப் போச்சின்னா எனக்கு வேலை நிரந்தரம். கவுத்துடாதீங்க" என்று எங்களிடம் கெஞ்சினார். ஒரு வாத்தியார் பிள்ளைகளிடம் கெஞ்சுவதை அன்றுதான் பார்த்தேன்.

ஜன்னலோரம் இரண்டு மண்தொட்டிகள். இரண்டிலும் மல்லாட்டைச் செடி, அதாவது வேர்க்கடலைச் செடி, நாலு இலை விட்டிருந்தது. ஒன்றில் 'தண்ணீர் உண்டு' என்று சீட்டு ஒட்டினார், மற்றதில் 'தண்ணீர் இல்லை'. பத்து நாளில் இரண்டாவது கருகிவிடும். அதைக் காட்டி, செடிக்குத் தண்ணீர் அவசியம் என்று இன்ஸ்பெக்டர் முன்னால் நிரூபிக்க வேண்டும். அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, வகுப்பிலேயே வாய் நீளமானவள் என்பதால் என்னிடம் கொடுத்தார். மறுநாளே அவருக்குக் காய்ச்சல். விழுப்புரத்திலேயே படுத்துவிட்டார்.

நாலாம் நாள் இலை தொங்கிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் மல்லாட்டைக் கொல்லை உண்டு. கண்ணெதிரே பயிர் வாட, பக்கத்திலேயே பானை நிறையத் தண்ணீர் இருக்க, கையைக் கட்டிக்கொண்டு நிற்க என்னால் ஆகுமா? சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் வெளியே போனதும் அரை டம்ளர் ஊற்றினேன். அதற்குப் பிறகு தினமும் ஊற்றினேன். வெறும் அரை டம்ளருக்கு அது அப்படித் தழைத்ததும், கைராசி என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்குக் கேட்டாலும் நான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பத்தாம் நாள் காலை சார் ரயிலிறங்கி அரக்கப்பரக்க வந்தார். 'தண்ணீர் உண்டு' செடி சுமாராக நின்றது. 'தண்ணீர் இல்லை' செடி கிளை விட்டுக் கொழுத்திருந்தது. அவர் முகம் செத்துப்போனது. அதற்குள் இன்ஸ்பெக்டர் வாசலில்.

இன்ஸ்பெக்டர் சீட்டைப் படித்தார். விரலை மண்ணில் விட்டுப் பார்த்தார்.

"பத்து நாளா தண்ணியே இல்லியா? இந்த விதை நமக்கும் கொஞ்சம் குடுங்களேன்" என்றவர், எங்கள் பக்கம் திரும்பினார். "யாரு ஊத்தினது?"

அன்று கெஞ்சிய அதே முகத்தோடு சார் எங்களைப் பார்த்தார். எனக்குத் தாங்க முடியவில்லை. எழுந்தேன். "நாந்தான் சார். தெனமும் சாப்பாட்டு மணி அடிச்சதும் ஊத்தினேன்."

"நானும் சார்" என்றது பின்னால் ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. கடைசியில் வகுப்பு மொத்தமும் நின்றது. காவல்காரி நான், எனக்குத் தெரியாமல் இத்தனை பேரா! எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"ஏன் ஊத்தினீங்க?"

கடைசி பெஞ்சுப் பையன் சொன்னான்: "வாடிக்கினு கெடந்துச்சு சார். அதப் பாத்துக்கினு எப்பிடி சார் சும்மா இருக்கறது?"

இன்ஸ்பெக்டர் சாரைப் பார்த்தார். "என்ன சார், நீங்க நடத்தின பாடம் இதுங்களுக்கு ஏறவே இல்லியா?"

சார் அந்தக் கொழுத்த செடியைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "ஏறிடுச்சிங்க. தண்ணி இல்லாட்டி செத்துப்பூடும்னு தெரிஞ்சிதாங்க ஊத்தியிருக்குதுங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நோட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, "ஆர்டர் வந்துடும், போங்க" என்று சாரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

சாப்பாட்டு மணி அடித்தது. சார் நேராக என்னிடம் வந்தார். முதல் தடவையாக அடிக்கப்போகிறார் என்று கையை நீட்டினேன்.

"கைய நீட்டிக்கினு நிக்கிறியே, நீ ஊத்துற நேரம் வந்துடுச்சில்ல? போயி ஊத்து" என்றார்.