கருமணலில் ஒரு பேறுகாலம்

மணவாளக்குறிச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தைப் பெருக்கினால் முறத்தில் பாதி கருமணலாக்கும். அதில் தோரியம் இருக்கிறது, இயல்பாகவே கொஞ்சம் கதிர்வீச்சும் உண்டு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிற எனக்கு இது தெரியாதா? இந்த மண்ணில்தான் நான் பிறந்தேன். என் ஒரே மகளைப் பெற்றதும் இங்கேதான்.

அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டியவள். நாள் குறிக்கப் போன் செய்தால், கோயம்புத்தூர்க்கார மருமகன் இழுக்கிறார். "தப்பா நினைச்சுக்காதீங்க அத்தை. அந்த மண்ணுல கதிர்வீச்சு இருக்குதாமா. பிரசவத்தை இங்கயே வெச்சுக்கலாமுங்களா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! "நாங்க எல்லாம் என்ன மூணு கண்ணோடயா அலையுதோம்?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். "சவத்த விடுட்டி, அவரு ஒரு பயந்தாங்கொள்ளி" என்றார் வீட்டுக்காரர். எப்படி விட?

மறுநாள் வகுப்பில் பரிணாமப் பாடம். "மனுசன் இனியும் மாறுவானா டீச்சர்?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

"இப்பவும் மாறிட்டுத்தான் மக்கா இருக்கான். கடைசிக் கடவாய்ப்பல் பலபேருக்கு முளைக்கவே இல்லயே, பாத்தியா? நாளைக்கு என்ன ஆவான்னு யாருக்கும் தெரியாது. மரபணுவில சின்னதா ஒரு பிழை விழும். உதவுனா நிக்கும், உதவாட்டா..." வருசா வருசம் சொல்கிற வாக்கியம்தான்.

"உதவாட்டா?" என்றாள் அவள். கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

அதிலிருந்து ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இந்த மண்ணால் பிள்ளைகளுக்குத் தீங்கு என்று உறுதியாக யாரும் காட்டியதாக நான் படித்ததில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது என்றும் யாரும் சொல்லவில்லையே! தெருவில் போகிற குழந்தைகளின் விரல்களை எண்ணிப் பார்த்தேன். மீன் விற்கிற அக்காளின் கையையே பார்த்து நின்றேன். "என்ன டீச்சர், என் மோதிரத்தயா பாக்குதிய?" என்று அவள் சிரித்தாள். சீ, என்ன புத்தி இது என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அன்றைக்குச் சாளைமீன் குழம்பில் உப்புப் போட மறந்து வீட்டுக்காரரிடம் பேச்சும் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளையே கூப்பிட்டேன். "உம் மாப்பிள்ளைக்கு நம்ம ஊரு அவ்வளவு இளப்பமாப் போச்சா?"

விசும்பிக்கொண்டே சொன்னாள். "அவங்க இல்லம்மா. பயம் எனக்குத்தான். உன்கிட்ட சொல்ல முடியாம அவங்களப் பேசச் சொன்னேன்."

மருமகனை ஏசியதெல்லாம் இவளைத்தானா?

"அழாத மக்கா" என்றேன்.

"நீ இதெல்லாம் படிச்சவதானே. பயப்பட ஒண்ணுமில்லன்னு நீ ஒரு வார்த்த சொல்லும்மா, நாளைக்கே ரயில் ஏறிருதேன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நான் லீவு போட்டுட்டு அங்க வாறேன் மக்கா" என்றுதான் வந்தது.