அடிப்பல்லின் நிறம்

ஓமலூருக்கு மேற்கே ஒரு தோட்டத்தில், ஒரே போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் கோகிலவாணியும் அவள் சித்தப்பா மகள் நித்யஸ்ரீயும். அந்தத் தண்ணீர் இருவர் பல்லிலும் ஒரே பழுப்புக் கறையைத் தீட்டியிருந்தது. பள்ளியில் இருவருக்கும் சேர்த்து ஒரே பட்டப்பெயர், புளியங்கொட்டை. சிரிப்பு வந்தால் இரண்டு பேர் கையும் ஒன்றுபோல வாய்க்குப் போகும்.

முப்பத்தோரு வயதில் கோகிலவாணி சேலத்தில் கரீம் பாஷாவின் பல் லேபில் வேலை செய்தாள். பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய செராமிக் ஓடுகள் செய்வதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. மெழுகில் பல்லைச் செதுக்கி, அச்சுமாவில் புதைத்து, உலையில் வைப்பாள். மெழுகு எரிந்து போன இடத்தில் செராமிக் கட்டியை உருக்கி அழுத்தினால் ஓடு கிடைக்கும். ஊரார் பல்லெல்லாம் அவள் கையால் வெளுத்தது. அவள் பல் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பல் டாக்டரிடமிருந்து வந்த ஆர்டர் ஸ்லிப்பில் நித்யஸ்ரீயின் பெயர் இருந்தது. மேல்வரிசையில் எட்டுப் பல். அடுத்த மாதம் அவளுக்கு நாமக்கல்லில் கல்யாணம். தினமும் போனில் பேசுகிறவள், இதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

"கமுக்கமா இருந்திருக்கா பாரு," என்றாள் கோகிலவாணி, ஸ்லிப்போடு வந்த பல்வரிசை மாடலைப் பார்த்து.

டாக்டர் ஒளி ஊடுருவும் செராமிக் கேட்டிருந்தார். ஓட்டுக்கு அடியில் இருக்கும் சொந்தப் பல்லைக் குறிக்கும் 'அடிப்பல்லின் நிறம்' என்ற கட்டத்தை நிரப்பவில்லை. காகிதம் போன்ற ஓடு அது. அடியில் கறை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏம்மா, கல்யாணக் கேஸ்ல ஏதாச்சும் சந்தேகமா?" என்றார் கரீம் பாஷா.

"இல்லீங்க பாய். ஸ்லிப்புல இருக்கறபடிதானுங்க பண்றேன்."

"அது போதும்."

அப்படியே செய்தாள். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. எட்டு ஓடுகளோடு சோதனைக்கென்று ஒன்று கூடுதலாக அழுத்தியிருந்தாள். அதை ஈரப்படுத்தித் தன் முன்பல்லில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். வெள்ளைக்குள்ளிருந்து பழுப்பு எட்டிப் பார்த்தது. கல்யாண மேடையில் நித்யஸ்ரீ இப்படித்தான் சிரிப்பாள் என்று நினைத்தபோது இனித்தது. கொஞ்ச நேரம்தான். கண்ணாடியில் இருந்தது நித்யஸ்ரீயின் வாய் அல்ல. ஊரே பார்த்து முகம் சுளிக்கப் போவது தன் கறையை.

மறுநாள் டாக்டருக்குப் போன் செய்து, கறையைச் சொல்லி அனுமதி கேட்டுக்கொண்டு, ஒளி குறைவாக விடும் கட்டியில் எட்டையும் புதிதாக அழுத்தினாள்.

பத்து நாள் கழித்து நித்யஸ்ரீ பத்திரிகையோடு வந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"உங்க லேப்லதான் பண்றாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. டாக்டர் என் பல்லுக் கலரை எழுதவே மறந்துட்டாராம். நீ எப்படிக்கா கண்டுபுடிச்ச?"

"கண்ணாடியைப் பாத்தேன்," என்றாள் கோகிலவாணி.

அவள் பல்லில் இருந்த அதே பழுப்பைக் கண்டதும் நித்யஸ்ரீயின் சிரிப்பு நின்றது. பழக்கத்தில் கை வாய்க்குப் போனது.

அதைப் பார்த்த பிறகுதான் கோகிலவாணிக்குப் பத்திரிகையை வாங்கிக்கொள்ள மனம் வந்தது.