மொட்டைமாடி மழைமானி

என் மனைவி இருபத்திரண்டு வருடமாக வானிலை நிலையத்தில் மழை அளக்கிறாள். பதவி, வெறும் உதவியாளர். காலை எட்டரைக்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளவுக்குழாயில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். காய்ச்சலோ கல்யாணமோ அந்த எட்டரையை அசைத்ததில்லை. நானெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மழைமானிக்குப் பக்கத்தில் நின்ற மரம் வளர்ந்து அதன் தலைக்கு மேலேயே கிளை பரப்பியது. பாதி மழை இலையிலேயே நின்றுவிடும். “மரம் மறைக்கிறது” என்று பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் எழுதினாள். யாரும் படிக்கவில்லை. நேரில் போய்ச் சொன்னதற்கு, “அளக்குறது மட்டும்தாம்மா உங்க வேலை” என்றார் அப்போதைய அதிகாரி.

சரியென்று சொந்தக் காசில் ஒரு மழைமானி வாங்கி எங்கள் மொட்டைமாடியில் வைத்தாள். நிலையம் அடுத்த தெருதான். எட்டேகாலுக்கு மாடி, எட்டரைக்கு வேலை. மாடி அளவுக்குத் தனி நோட்டு. ஆறு வருடம் இப்படியே போனது.

நடுவில் ஒரு நாள், கொசு முட்டையிடுமே என்று மாடி மழைமானியிலிருந்த தண்ணீரைக் கொட்டித் தொலைத்தேன்.

“கொட்டிட்டீங்களா?”

“ஒரு நாள்தானே. உத்தேசமா ஒண்ணு போட்டுக்கோ. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”



இந்த வருடம் இயக்குநராக வந்த விஞ்ஞானி அம்மா, நிலையத்தின் பதிவேட்டை வைத்து, இங்கே மழை குறைந்துவிட்டது என்று ஆய்வுக்கட்டுரை எழுதி முடித்திருந்தார். என் மனைவி நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். மரம் மறைப்பதைச் சொல்லி நோட்டை நீட்டினாள். அவர் நம்பாவிட்டால் ஆறு வருட உழைப்பும் குப்பைக்கூடைக்குத்தான். பொய்க்கணக்கு எழுதினாள் என்ற பேர் வேறு.

“வீட்டுல உக்காந்து யாரு வேணும்னாலும் இப்படி எழுதலாமேம்மா,” என்றார் இயக்குநர்.

எனக்குச் சுருக்கென்றது. இயக்குநர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்திச் சத்தமாகப் படித்தார்.

“இன்றைய அளவு இல்லை. கணவர் கொட்டிவிட்டார்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“இட்டுக்கட்டி எழுதுறவங்க இந்த நாளை மட்டும் காலியா விட்டிருக்க மாட்டாங்க,” என்றார். “வாங்க, அந்த மரத்தைக் காட்டுங்க.”

கட்டுரை திருத்தப்பட்டு வெளிவந்தது. மழை குறையவில்லை, மரம்தான் வளர்ந்திருக்கிறது. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். இரண்டாவது என் மனைவியுடையது. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அவள் நேரே அட்டவணைக்குப் போனாள். ஆறு வருடத்தில் ஒரே ஒரு கட்டம் காலி. அடியில் சின்ன எழுத்தில் காரணம் அச்சாகியிருந்தது: அளவு எடுப்பவரின் கணவர் கொட்டிவிட்டார்.

“யாருக்குத் தெரியப்போகுதுன்னு கேட்டீங்களே,” என்றாள்.