மிஸ்ஸி கேட்ட கேள்வி

"செத்துப்போயிடலாம்னு தோணுதா, தாயி?"

மிஸ்ஸி இப்படிக் கேட்டதும் நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருந்த காலம் அது. தாதியை அங்கே மிஸ்ஸி என்போம். கட்டிலில் கிடந்தவள் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள். ஒரே குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் அவள் சீட்டில் 'சோம்பல்' என்று எழுதியிருந்தார்.

வெளியே வந்ததும் மிஸ்ஸியிடம் சண்டைக்குப் போனேன். "நீங்களே கேட்டு அந்த நெனப்பைக் கிளப்பலாமா?"

"நெனப்பு எப்பவோ வந்திருச்சு. அதைத் தனியா வச்சுக்கிட்டு வேகுறா. கேட்டாத்தானே சொல்லுவா" என்றார்.

அவள் சொல்லவும் செய்தாள். எத்தனை நாளாக, எந்த நேரத்தில் அதிகம், ஏதாவது முடிவு செய்து வைத்திருக்கிறாளா, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் துணைக்கு யார் என்று மிஸ்ஸி அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

நாலாம் நாள் அவள் தலை சீவினாள், சிரித்தாள், காதுத் தோட்டைக் கழற்றிப் பக்கத்துக் கட்டில்காரியிடம் கொடுத்தாள். "தேறிட்டா. வேலைக்கு அனுப்பு" என்றார் டிரெஸ்ஸர். மிஸ்ஸியின் முகம் கறுத்தது. "இது தேறினது இல்ல சார். மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டா." பக்கத்தில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது; டிரெஸ்ஸர் காதிலேயே வாங்கவில்லை. பால்வெட்டுக்கு ஆள் குறைந்தால் தோட்டத்தை நடத்தும் துரை அவரையல்லவா கேட்பார்!

மறுநாள் மிஸ்ஸி ஒரு பிரசவத்துக்காகப் பந்திங் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவளை லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த மிஸ்ஸி விஷயம் தெரிந்ததும் வெயிலில் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். வீடு உள்ளே தாழிட்டிருந்தது. கதவை உடைத்தோம். உயிரோடு இருந்தாள். மிஸ்ஸி ஒரு வார்த்தை திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு லயத்துப் பெண்களை முறைவைத்து அவளோடு இருக்கச் செய்தார். மூன்றாம் வாரம் அவள் தானாகவே, "பசிக்குது மிஸ்ஸி" என்றாள்.

கதவை உடைத்ததற்காகவும் டிரெஸ்ஸரை மீறியதற்காகவும் மிஸ்ஸியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதற்கு முன் நடந்த விசாரணையில் துரை என்னைக் கூப்பிட்டார். அவர் கேட்டதை ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார்: "மிஸ்ஸி முன்கூட்டியே டிரெஸ்ஸர்கிட்ட சொன்னாங்களா? நீ கேட்டியா?"

டிரெஸ்ஸர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுங்க" என்றேன்.

அந்த டிரெஸ்ஸர் செத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அவர்மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதைவிட ஆறாதது, அந்த ஒரு சொல்லைச் சொன்ன என் வாய்மேல் உள்ள கோபம்.