அக்காவோட முறை

எங்க அக்கா சம்பூர்ணத்த யாராச்சும் நர்ஸம்மான்னு கூப்ட்டா எனக்கு இன்னிக்கும் பத்திகினு வரும். டாக்டருக்கு சீட்டு கெடச்சவ அவ. அறுபத்தெட்டுல, பழவேற்காடு ஏரிக்கரையில எங்க குப்பத்துலேர்ந்து ஒரு பொண்ணு பி.யூ.சி. தாண்டினதே பெரிய விசயம்.

மெட்ராஸ் காலேஜுலேர்ந்து கார்டு வந்த வாரந்தான் அம்மா ரத்தமா இருமினுச்சு. அக்கா அம்மாவோட பாய விட்டு நகரல. "வெள்ளிக்கெழம சேரணும் நைனா"ன்னு மட்டும் சொல்லிகினே இருந்தா.

எங்க நைனா செங்கல்வராயன் நல்ல மனுசன். அதான் பேஜாரே! ஏரியில வலை போட எங்களுக்குப் பாடுன்னு ஒரு முறை உண்டு. இன்ன நாளு, இன்ன எடம், இன்னார் வலை. ஊட்ல சீக்கு, சாவுன்னா நம்ம முறைய பங்காளிக்கு உட்டுக்குடுப்போம். அவன் முறை வரசொல்ல நமக்குத் திருப்பிக் குடுத்துடுவான். ஏமாத்தினவன் கெடையாது.

காலேஜு சீட்டும் அப்படித்தான்னு நென்ச்சுகினு, வெள்ளிக்கெழம காலைல யார்கிட்டயும் சொல்லாம நைனா பஸ் ஏறிட்டாரு. "இந்த வருசம் வேற புள்ளைக்குக் குடுங்க சாமி, வர்ற வருசம் எங்களுக்கு"ன்னு கேட்டாராம். ஆபீசுல ஒரு காயிதம் எழுதி நீட்டினாங்களாம். கைநாட்டு வெச்சாராம். சாயங்காலம் பொரிகடல பொட்டலத்தோட வந்து, "கவலப்படாத கண்ணு, உன் முறைய பத்ரமா குடுத்து வெச்சுட்டு வந்தேன்"னாரு. அக்கா அப்படியே உக்காந்துட்டா.

மறுநாள் விடியறதுக்குள்ள நைனாவயும் என்னையும் இழுத்துகினு ஓடினா. அந்த எடத்துல வேற புள்ள சேந்தாச்சு. கிளார்க்கு காயிதத்த எடுத்துக் காட்டினாரு. இங்கிலீசுல இருந்தத அக்கா தமிழ்ல படிச்சா: "என் மகளுக்கு மருத்துவம் படிக்க விருப்பமில்லை."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லியே சாமி!"ன்னு நைனா அந்தாள் கால்ல வுழுந்தாரு. "அந்தப் புள்ள ஊடு எங்கன்னு சொல்லுங்க. நான் போய் கேக்குறேன். குடுத்துடும்."

இன்னாத்த குடுக்கும்?

மறு வருசம் மனு போட்டா, கெடைக்கல. அம்மாவும் போய்ச் சேந்துச்சு. அக்கா நர்ஸ் டிரெயினிங் முடிச்சு, கும்மிடிப்பூண்டி பக்கம் வேலைக்குப் போனா. நைனா மட்டும் வருசா வருசம் ஆனி மாசம் வந்தா, "ஏதாச்சும் கார்டு வந்துச்சா கண்ணு?"ன்னு கேப்பாரு. எனக்கு அவர அடிக்கலாமான்னு இருக்கும். அப்புறம் நானே அழுவேன்.

எழுபத்தாறுல அக்கா வேல பாத்த ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு லேடி டாக்டர் வந்தாங்க. ஒரு நாள் எங்க ஊட்டுக்கும் வந்தாங்க. "இவ்ளோ நல்லா வேல தெரியுது, ஏன் சம்பூர்ணம் டாக்டருக்குப் படிக்கல?"ன்னு கேட்டாங்க. மூலையில வலை முடிஞ்சுகினு இருந்த நைனா கை நின்னு போச்சு.

சொல்லுடி, இப்பவாச்சும் சொல்லித் தொலைடின்னு மனசுக்குள்ள அக்காவ உலுக்கினேன். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்ல.

"எனக்கு விருப்பமில்லீங்க டாக்டர்"ன்னா.

நைனா தன் கட்டவெரல வேட்டியில தேச்சுகினே இருந்தாரு.