சொதிக்கு வந்த சம்பந்தி

மோர்க்குழம்பை ஊற்றக் கரண்டியை எடுத்தேன். என் மகள் தட்டுக்கு மேல் கையை வைத்து மறைத்தாள்.

"அம்மா, நான் இனிமே வீகன்."

"அதுக்கென்னட்டி? நாம தலைமுறை தலைமுறையா அதுதானே!" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கவிழ்க்கப் போனேன். பின்னே? திருநெல்வேலிச் சைவக் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் முட்டை ஓடுகூட நுழைந்தது கிடையாது. கேக் வாங்கினால் பெட்டியில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுவார். எங்களைவிடச் சுத்தமாக யார் சாப்பிட்டுவிட முடியும் என்று எனக்கு ஒரு மிதப்பு.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பால் கிடையாது, தயிர் கிடையாது, மோர் கிடையாது, நெய் கிடையாது, தேன்கூடக் கிடையாது. கேட்கக் கேட்க எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப மண்ணையா திங்கப் போற?" என்று கேட்டேன். தில்லிக்கு வெளியே ஏதோ ஒரு மாட்டுப் பண்ணைக்கு ஆபீஸ் வேலையாகப் போனாளாம். பிறந்த கன்றைத் தாயிடமிருந்து இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தாளாம். அதற்குமேல் அவள் சொல்லவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, நானும் தோண்டவில்லை.

ஆனால் கோபம் போகுமா? நாலைந்து நாள் பாத்திரத்தை ணங்கு ணங்கென்று வைத்துக்கொண்டேதான் சமைத்தேன். கோபத்தைவிடப் பெரிய தொல்லை என் கை. சோறு போட்டு, பருப்பு போட்டால், கை தானாக நெய்க் கிண்ணத்துக்குப் போய்விடும். முப்பது வருஷப் பழக்கம், என்ன செய்ய? நெய் விழுந்த தட்டை அவள் அப்பா பக்கம் தள்ளிவிட்டு வேறு தட்டு எடுத்துக்கொள்வாள். அந்த மாதம் மனுஷனுக்கு நல்ல யோகம். தினமும் இரண்டு தட்டு. "பிள்ளை கொள்கையோட இருக்கா, விடேன்" என்று ஏப்பம் விட்டுக்கொண்டே எனக்கு உபதேசம் வேறு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை புளிக்குழம்பு வைத்து, கீரை கடைந்து, எள்ளுத் துவையல் அரைத்து, வாழைக்காய்ப் பொரியல் செய்து முடித்துவிட்டு, அவளுக்குத் தனியாக என்ன செய்வது என்று அடுப்படியில் நின்று யோசித்தேன். அப்போதுதான் உறைத்தது. அடக் கடவுளே, இதில் எதிலே பால் இருக்கிறது? ரசத்தில் இருக்கிறதா? இட்லி மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய்தானே ஊற்றுகிறோம்? சுண்டல், புட்டு, இடியாப்பம், தேங்காய்ப்பால் என்று விரல் மடக்க ஆரம்பித்தால் விரல் போதவில்லை. இவ்வளவும் என் கையில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் அந்தப் பிள்ளையைக் கரித்துக்கொட்டினேன் என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு ஒரு கொண்டாட்டமாகிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். கோல் மார்க்கெட் பக்கத்தில் பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸ் எங்களுடையது. குளிர்காலத்தில் பால்கனிக்குப் பதினோரு மணிக்குமேல்தான் வெயில் வரும். லீவு நாளில் பாயைப் போட்டு நாங்கள் மூவரும் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரிப்போம். உரித்ததில் பாதி பாத்திரத்துக்கு வராது. தில்லிக் குளிர்காலப் பட்டாணிக்கு அப்படி ஒரு இனிப்பு. காலையில் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பி. பால் இல்லாத காப்பியா என்று முதலில் மூஞ்சியைச் சுளித்த நான், இப்போது ஆபீசுக்கே பிளாஸ்கில் கொண்டுபோகிறேன். வெந்தயக் கீரையும் உருளைக்கிழங்கும் கடுகெண்ணெயில் வதக்க அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். கடுகெண்ணெய் வாடை எனக்கு ஆகவே ஆகாது என்று இருபத்தைந்து வருஷமாகத் தில்லியில் பிடிவாதம் பிடித்தவள் நான். இப்போது ரொட்டிக்கு அதுதான் வேண்டும் எனக்கு.

தயிர்தான் இழுத்தடித்தது. வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, காய்ச்சி ஆறவைத்து, பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு உறையவைக்க வேண்டுமாம். ஜனவரிக் குளிரில் அது உறைவேனா என்றது. கடைசியில் மாடி வீட்டுக்காரி சொன்ன யோசனைப்படி கோதுமை மாவு டப்பாவுக்குள் கிண்ணத்தைப் புதைத்து வைத்தேன். காலையில் கெட்டியாக நின்றது! எனக்கு வந்த சந்தோஷத்தில் என் வீட்டுக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஒரு ஸ்பூன் ஊட்டினேன். மனுஷன் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. தயிர்னு மட்டும் சொல்லாத" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவள் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னாள். கூட வேலை பார்க்கிறவன், பஞ்சாபிக் குடும்பம், அப்பா இல்லை, அம்மா மட்டும். பையனை எங்களுக்குப் பிடித்துவிட்டது. நல்ல தங்கமான பிள்ளை, எங்கள் வீட்டு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பான். அவன் அம்மா அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார் என்றதும் என் கவலையெல்லாம் அவர்கள் அடுப்படிக்குப் போய்விட்டது. பராத்தா மேல் வெண்ணெய்க் கட்டி, பருப்பில் மிதக்கும் நெய், பெரிய டம்ளரில் லஸ்ஸி, அந்த வீட்டுச் சமையலறை அப்படித்தானே இருக்கும்? அங்கே போய் என் பிள்ளை என்ன சாப்பிடுவாள்? முதல் மாதம் ஆசையாகப் பார்ப்பார்கள், இரண்டாம் மாதம் வாய்விட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். பசியை மறைத்துக்கொண்டு சிரிக்கிற மருமகளாக அவளை நினைத்துப் பார்க்கவே எனக்கு முடியவில்லை.

"அவங்களுக்கு மட்டும் கடையில பனீர் வாங்கிரலாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேண்டாம்ப்பா. ஒரு சொட்டுப் பால்கூட வேண்டாம். நான் எப்படி சாப்பிடுறேன்னு அவங்க பார்த்துட்டுப் போகட்டும். பிடிக்கலைன்னா இப்பவே தெரிஞ்சிரட்டும்." வீறாப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா?

சரி, சொதி வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் போடுகிற விருந்து அது. "இன்னும் பேச்சே முடியல, அதுக்குள்ள சொதியா? ஜல்தியா இருக்கியே!" என்று இவர் கிண்டல் செய்தார். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா தேங்காயைத் திருவுங்க" என்றேன். தேங்காய் திருவி, மூன்று பால் எடுத்தோம். மூன்றாம் பாலில் காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பட்டாணி எல்லாம் வெந்தது. இரண்டாம் பாலோடு வெந்த பாசிப்பருப்பு. இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்றி, சின்ன வெங்காயத்தைத் தேங்காய் எண்ணெயில் வதக்கிப் போட்டு, கடைசியில் முதல் பால். கொதிக்க விட்டால் திரிந்துவிடும் என்று இறக்கும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. இறக்கி எலுமிச்சை பிழிந்தபோது வந்த வாசனையில் எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. கூட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குக் காரக்கறியும்.

மகனோடு அந்த அம்மாள் வந்தார். நல்ல உயரம், பெரிய சால்வை, கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. வாய் நிறையப் பேச்சு. சோற்றில் சொதியை ஊற்றியதும் குனிந்து பார்த்து, "சோத்து மேலயா கீர் ஊத்துவீங்க?" என்று இந்தியில் கேட்டார், பாயசம் என்று நினைத்து. ஒரு வாய் வைத்தவர் கண்ணை அகல விரித்தார். "அரே, காரம்! மலாய் போட்டீங்களா பெஹன்ஜி?"

"பாலாடையெல்லாம் இல்லை, தேங்காய்ப்பால்" என்றேன். மறுபடி வாங்கினார். இஞ்சித் துவையலை மட்டும் தனியாக நக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். இன்னொரு தரமும் கிண்ணத்தை நீட்டினார். என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு வெளிச்சம். நான் மனசுக்குள் நெல்லையப்பருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் அவர் அந்த டப்பாவைத் திறந்தார். பின்னி. கோதுமை மாவை நெய்யில் வறுத்து, பாதாம், முந்திரி எல்லாம் போட்டு உருட்டுகிற குளிர்கால உருண்டை. நெய் பளபளவென்று மின்னியது. "எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. இனி என்ன பேச்சு? வாய் இனிச்சாச்சுன்னா விஷயம் முடிஞ்ச மாதிரி" என்று ஒரு உருண்டையை எடுத்து, என் மகளின் வாயருகே கொண்டுபோனார். அவர்கள் வழக்கம் அது. அந்த இனிப்பை வாங்கிக்கொண்டால் சம்மதம், மறுத்தால் மறுத்ததுதான்.

பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. 'அவள் பால் குடிக்கமாட்டாள்' என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாளுக்கோ பால் என்றால் டம்ளரில் குடிப்பது, அவ்வளவுதான். நெய்யை யார் பால் கணக்கில் சேர்த்தார்கள்? முதலில் நானே சேர்க்கவில்லையே! "மம்மி" என்று அவன் ஆரம்பிப்பதற்குள் என் மகள் அவனைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "ருக்கியே! நில்லுங்க!" என்று கத்திவிட்டேன்.

உருண்டையோடு அந்த அம்மாளின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. என் வீட்டுக்காரர், போச்சு, எல்லாம் போச்சு என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"அதில் நெய் இருக்கு. அவ சாப்பிடமாட்டா" என்றேன். என் இந்தி ஆபீஸ் இந்தி. ஆண்பால் பெண்பால் எல்லாம் குழம்பும்.

அந்த அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. "நான் என் கையால செஞ்சது பெஹன்ஜி" என்றார் மெல்ல.

"தெரியுது. எனக்குக் கொடுங்க, பத்துகூடச் சாப்பிடுதேன். அவ வாயில வேண்டாம். இன்னைக்கு உங்க மனசு கோணக்கூடாதுன்னு முழுங்கிருவா. நாளைக்கும் முழுங்குவா. அப்புறம் தினம் தினம் முழுங்கணும். என் பிள்ளை சாப்பாட்டுத் தட்டு முன்னால கண்ணை மூடிக்கிட்டு உட்காரக்கூடாது. எனக்கு அது ஆகாது." பாதி இந்தி, பாதி தமிழ். என் மகள் "அம்மா, ப்ளீஸ்" என்று அழ ஆரம்பித்தாள்.

அவர் உருண்டையை டப்பாவில் திரும்ப வைத்தார். எழுந்தார். சால்வையைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார். கை கழுவிவிட்டுக் கிளம்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடுப்படியிலிருந்து டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, மற்றொன்று. நான் எழுந்து போவதற்குள் அவரே வெளியே வந்தார், கையில் ஒரு வெல்லக் கட்டி.

"இதுல எந்த மாடும் இல்லையே?" என்று என்னைக் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். அவர் அதை உடைத்து ஒரு துண்டை என் மகள் வாயில் வைத்து, கன்னத்தைத் துடைத்துவிட்டார். அப்புறம் பின்னி டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "பத்துன்னு சொன்னீங்க" என்று முழு உருண்டையையும் என் வாயில் திணித்துவிட்டார். பேசவும் முடியாமல், அழவும் முடியாமல், மெல்லவும் முடியாமல் நான் நின்றதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஒன்று சொல்லட்டுமா, அந்தப் பின்னி அபார ருசி.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் மகனிடம் சொன்னார்: "போற வழியில பாத்திரக் கடையில நிறுத்து. ஒரு புதுக் கடாய் வாங்கணும். நம்ம வீட்டுக் கடாய் எல்லாத்துலயும் நெய் ஊறிப்போய்க் கிடக்கு, இவளுக்கு அதுல எப்படிச் சமைக்கிறது?"

அவர்கள் படியிறங்குகிற சத்தம் அடங்கும்வரை நானும் மகளும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு உள்ளே வந்து, மீதமிருந்த சொதியைச் சட்டியோடு நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். காலையிலிருந்து அவளும் சரி, நானும் சரி, ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை.